படுக்கையில் எழுதிய படுதாக்கள்

இருமலோடு கைக்குட்டையில் ரத்தம் பட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. அதே கயரோகம் (நுரையீரலை அரிக்கும் நோய்) மலாயாவின் கிள்ளான் ஊரில் என் கணவரைக் கொண்டுபோய் அதிக நாள் ஆகியிருக்கவில்லை.

அவர் நாடகக் கம்பெனிக்குப் படுதா (மேடைக்குப் பின்னால் தொங்கும் ஓவியத் திரை) வரைகிறவர். வள்ளி காவல் காக்கும் தினைப்புனத்தில் பரண்மேல் வள்ளியையும் நிறுத்தி, சுற்றி ரப்பர் மரங்களை வரைந்துவிட்டார். பட்டையில் வெட்டு, அதன் கீழே பால் கிண்ணம் வேறு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பேட்டையின் பெரிய மனிதர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ரப்பர் தோட்டத்து ஜனங்களோ கைதட்டி, அந்தக் காட்சியை மறுபடி போடச் சொன்னார்கள். அவர் பார்த்த காடு அதுதான், வேறு எதை வரைவார்?

அவர் போனதும், நோய் ஒட்டும் என்று படுதாக்களையெல்லாம் கொளுத்தினார்கள். "நல்லவேளை, அந்த ரப்பர் மரமும் போச்சு" என்று ஒருவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் என் நெஞ்சுக்குள் ஊசி வழியாகக் காற்றேற்றினார்கள் (கெட்ட நுரையீரலைச் சுருக்கி ஓய்வு கொடுக்கும் சிகிச்சை). அசையக் கூடாது, எழுதவே கூடாது என்றார் யாழ்ப்பாணத்து டாக்டர். நான் தலையணைக்கடியில் பென்சிலை ஒளித்துவைத்து, எரிந்த படுதாக்களை ஒவ்வொன்றாக எழுதினேன். என்ன நிறம், எந்த மரம், நிழல் எந்தப் பக்கம் என்று ஒன்றையும் விடவில்லை. ஒருநாள் பிடிபட்டேன்.

"உயிர் வேணுமோ, எழுத்து வேணுமோ?"

"ரெண்டும் வேணும் டாக்டர். நானும் போயிட்டா, அது எப்படி இருந்துச்சுன்னு சொல்ல ஆளில்ல."

வாங்கிப் படித்தார். "ஆர் இந்தப் படங்களைக் கீறினது?" (கீறுவது என்றால் அவர் ஊரில் வரைவது.)

கணவர் பெயரை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தாளை வாங்கி, அடியில் எழுதிக் காட்டினேன்: முனியாண்டி. படுதாவில் அவர் ஒருநாளும் பெயர் போட்டதில்லை. டாக்டர் தாளைத் திருப்பித் தந்தார். மறுநாளிலிருந்து காலையில் கொஞ்ச நேரம் சாய்ந்தபடி எழுத விட்டார்.

உங்களுக்கும் இந்த நோய் என்றால், டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் எதற்காகப் பிழைக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அதை நீங்களே முடிவுசெய்யுங்கள்.

இப்போது பாதி மூச்சில்தான் வாழ்கிறேன். படியேறினால் நடுவில் நின்றுவிடுவேன். அவசரம் என்பது என்னைவிட்டுப் போயே போய்விட்டது. அவர் இறந்த வயதையும் தாண்டிவிட்டேன், இனி அவர் எனக்குச் சின்னவர். ஆஸ்பத்திரியில் எழுதியபோது எல்லாம் அழகு, அழகு என்றே எழுதியிருக்கிறேன். நேற்று அதைத் திருத்தினேன்.

வள்ளியின் கை கொஞ்சம் நீளம்தான், முனியாண்டி.