ஆள் ஏறாத அந்த ஒரு நாள்

காலை ஏழே கால் மணிக்கு நடைமேடையில் ஓர் ஆடு மட்டும் நின்றுகொண்டிருந்தது. ரயில்வேயின் வெள்ளைக்காரத் துரை தன் புத்தகத்தில் 'பயணிகள் இல்லை' என்று எழுதினார். பின்னால் நின்ற நானும் என் நாட்குறிப்பில் அதையே எழுதினேன். வங்கத்தைப் பிரித்ததற்கு முந்தைய ஆண்டு அது.

வங்கத்தில் கரியாஹாட்டைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே இருந்த அந்தச் சிறு ரயில் நிலையம் திறந்து இரண்டு மழைக்காலம்கூட ஆகவில்லை. அதை வைத்திருப்பதா மூடுவதா என்று துரை ஒரே ஒரு நாள் நேரில் பார்த்து முடிவுசெய்வார் என்றார்கள். நிலையத்துக்கு முன்கூட்டிச் சொல்லக்கூடாது. நாளைக் குறிக்கும் வேலை ரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக இருந்த எனக்கு வந்தது. பூசணியும் கீரையும் சுமந்துகொண்டு தினமும் முப்பது நாற்பது பெண்கள் அங்கே ரயிலேறுவதைப் பார்த்திருக்கிறேன். நிலையம் தப்ப வேண்டும் என்றே, ஆடி கழியும்வரை காத்திருந்து, ஆவணி பிறந்த மறுநாளைக் குறித்தேன்.

துரை வந்த ரயிலிலேயே போய்விட்டார். நிலைய மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

"மத்ராஸி பாபு, வருஷத்துல இத்தனை நாள் இருக்கே, இந்த நாளைப் பொறுக்கி எடுத்த புத்திசாலி யாரு?"

நான்தான் என்றேன்.

"இன்னிக்கு எங்க பாத்ர மாசம் முதல் நாள். அகஸ்தியர் தெற்கே கிளம்பின நாள், போனவர் திரும்பி வரவே இல்லை. எங்க ஊர்ல எவன் வாசல் தாண்டுவான்?"

அகத்தியர் வந்து சேர்ந்த நாட்டில் பிறந்த எனக்கு இது தெரியாது. ஆனால் அலுவலகத்தில் நான் குறித்த தேதியைப் படித்துக் கையெழுத்திட்ட தலைமை எழுத்தர் பெரிய பாபு வங்காளி. அவரிடமே போய்க் கேட்டேன். வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"நீங்க கேக்கலையே. அகஸ்தியர் உங்க ஊர்க்காரர்தானே, தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

அறை முழுவதும் சிரித்தது. அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இன்னொரு நாள் வந்து பார்க்கும்படி துரைக்கு மனு எழுதினேன். தவறு என்னுடையது என்றும் எழுதினேன். ரயில்வேக்கு நல்ல நாள் கெட்ட நாள் கிடையாது என்று திருப்பிக் கொடுத்தார். சர்ச்சுக்குப் போக வேண்டும் என்று ஒரு ஞாயிறுகூட ஆய்வுக்குக் கிளம்பாத மனிதர்.

மூடும் உத்தரவை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைசி ரயிலின் தேதியை மாஸ்டர் விரலால் தொட்டார்.

"இந்தத் தடவை எங்க பஞ்சாங்கத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேன். பயணத்துக்கு நல்ல நாள்தான்."

அன்று அறுபத்தொரு பேர் ஏறினார்கள். எண்ணிக் குறித்துக்கொள்ள எந்தத் துரையும் வரவில்லை.

இருபது ஆண்டுகளாகிவிட்டன. இப்போது வண்டி அந்த இடத்தில் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. தண்டவாளத்தை ஒட்டி, தலையில் கூடையோடு, பெண்கள் அடுத்த நிலையத்துக்கு நடந்துகொண்டிருக்கிறார்கள்.