பொம்மை வண்டியின் வெளிச்சம்

மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, வட்டகொடையில் போன் பழுதுபார்க்கும் பிரதாபன், காடு மேடெல்லாம் ஏறும் ரிமோட் வண்டியை ஓட்டும்போதெல்லாம் கேலி செய்தவர் பெரியதம்பிதான். "கல்யாணம் கட்டுற வயசுல பொம்மக் காரு ஓட்டுறான் பாரு!"

அந்தப் பெரியதம்பி இன்று மண் சரிந்து விழுந்த லயத்து வரிசை வீடுகளுக்குள் சிக்கிக் கிடந்தார். காது கேளாதவர், கூப்பிட்டுப் பயனில்லை. எந்தக் காம்பரா, எந்த அறை என்று தெரியாமல், இன்னும் சரிந்துகொண்டிருந்த மண்ணில் இறங்க மீட்புப் படையினர் தயங்கினார்கள்.

பிரதாபன் வண்டியின் மேல் கேமராவையும் விளக்கையும் கட்டி, இடிந்த வாசல் வழியாக அனுப்பினான். கற்களில் வண்டி குலுங்க, அவன் போனில் வந்த படத்தில் எதுவும் தெரியவில்லை. வண்டியைத் திரும்ப எடுத்தான்.

பெரியதம்பியின் மகள் ரத்னா, கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குச் சாக்கைக் கிழித்து நீட்டினாள். "இத கேமராவுக்கு அடியில மெத்தையா வச்சுக் கட்டுங்கண்ணே. எங்கப்பாவக் காட்டுங்கண்ணே!"

இம்முறை படம் குலுங்கவில்லை. கடைசிக் காம்பராவில் சேறு பூசிய ஒரு கால் தெரிந்தது. பிரதாபன் வண்டியை மெல்ல நகர்த்தி அந்தப் பாதத்தில் தொடவைத்தான். விரல்கள் அசைந்தன.

"அப்பா!" ரத்னா அலறினாள். படையினர் மண்வெட்டிகளோடு இறங்கினார்கள்.

"வண்டிய வெளிய எடுத்துருப்பா, மண்ணு மூடிரும்" என்றார் ஒருவர்.

"இருக்கட்டுங்க. வெளிச்சம் இருந்தா மாமா பயப்பட மாட்டாரு" என்றான் பிரதாபன்.