படுதா இறக்காத பஸ்

என் மனைவியும் பிறந்த குழந்தையும் ஒரே நாளில் போன பிறகு நான் கல்யாணப் படம் எடுப்பதை நிறுத்திவிட்டேன். யாரும் என்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டு கல்யாணங்களில் தாலி கட்டுகிற நேரத்தில் பட்டனை அமுக்காமல் நின்றுவிட்டேன். பெண் வீட்டார் சத்தம் போட்டார்கள். அவர்கள் வாய் அசைவது தெரிந்தது, கோபப்படுகிறார்கள் என்பதும் புரிந்தது. அதற்கு அப்புறம் யார் கூப்பிட்டாலும் காமிரா ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருவள்ளூர் பஸ் நிலையத்துக்கு எதிரே சின்ன ஸ்டுடியோ வைத்திருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் சைஸ் படங்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. அப்போதுதான் ஒரு தனியார் பஸ் முதலாளி ஆள் அனுப்பினார். அவருடைய ஒவ்வொரு வண்டியையும் படம் எடுத்து ஆபீஸில் மாட்ட வேண்டும். பஸ்களையெல்லாம் அரசாங்கமே எடுத்துக்கொள்ளப் போகிறது என்று ஊரில் பேச்சு அடிபட்டது. அதனால்தானோ என்னவோ. நான் காரணம் கேட்கவில்லை. பஸ் அழாது, சிரிக்காது, தாலி கட்டாது. ஒப்புக்கொண்டேன்.

பஸ்ஸைப் படம் எடுப்பது லேசான வேலை என்றுதான் நினைத்தேன். அதற்கும் ஒரு முறை இருந்தது. எங்கும் எழுதிவைக்காத முறை. பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டி போகிற வண்டியின் கண்டக்டர்தான் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். என் வயதுதான் இருக்கும். வெற்றிலை போட்டுச் சிவந்த வாய்.

"மொதல்ல டிரைவராண்ட கேக்கணும் சார். மொதலாளி சொன்னாரு, கிளீனர் சொன்னான்னு எடுக்கக் கூடாது. வண்டி அவருது."

டிரைவரிடம் கேட்டால், அவர் காக்கிச் சட்டையின் மேல் பட்டனைப் போடுவார், முன் கண்ணாடியைத் துடைப்பார், அம்மன் படத்துக்குப் பூ வைத்த பிறகு தலையசைப்பார். அதுவரை காமிராவைத் தூக்கக் கூடாது. வண்டிக்கு நேர் முன்னால் நின்று எடுத்தால் வழியில் படுத்துக்கொள்ளும் என்று சில டிரைவர்கள் நம்பினார்கள். அவர்களுடைய வண்டியைச் சாய்வாக நின்றுதான் எடுக்க வேண்டும். பெண்கள் படியேறும்போது எடுக்கக் கூடாது. போலீஸ் அவுட்போஸ்ட் படத்தில் விழக் கூடாது, ரயில்வே பாலம் விழக் கூடாது. பாகிஸ்தானோடு சண்டை நடந்த சமயத்தில் பாலத்தருகே நின்ற என் காமிராவை ஒரு கான்ஸ்டபிள் பிடுங்கித் திறந்து, பன்னிரண்டு படம் கொண்ட சுருளை வெயிலில் உருவிப் போட்டார். பயணிகள் யாராவது ஆசையாக வந்து வண்டியோரம் நின்றால் விரட்டக் கூடாது. ஃபிலிமைச் சுற்றாமல் வெறும் பட்டனை அமுக்கினால் போதும், சந்தோஷமாகப் போய்விடுவார்கள்.

கண்டக்டர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்று உண்டு. ஜன்னல்களுக்கு அப்போது கண்ணாடி கிடையாது. மழைக்கும் வெயிலுக்கும் சுருட்டிவைத்த கித்தான் படுதாதான். படம் எடுக்கும் பக்கத்தில் அதை இறக்கிவிட வேண்டும்.

"உள்ள குந்தியிருக்கறது யாரு, எங்க போறாங்கன்னு நமக்கு இன்னா தெரியும்? மின்ன ஒரு வாத்தியாரு காய்ச்சல்னு லீவு போட்டுட்டு கோயிலுக்குப் போனாரு. எவனோ எடுத்த படத்துல மொட்டைத் தலையோட தெரிஞ்சாரு. பேஜாரா பூட்ச்சி" என்று சிரித்தார்.

நானும் சிரிக்க வேண்டிய இடம் அது. தலையை மட்டும் ஆட்டினேன்.

ஏழெட்டு வண்டிகளை இப்படி முறையாக எடுத்தேன். அடுத்தது அந்தக் கண்டக்டரின் வண்டி. காலை எட்டு மணி இருக்கும். டிரைவர் பூ வைத்துத் தலையசைத்துவிட்டார். கண்டக்டர் நாஷ்டா சாப்பிடப் போயிருந்தார். படுதா எல்லாம் சுருட்டியபடியே இருந்தது. ஐந்து நிமிஷம் காத்திருந்தால் அவர் வந்து இறக்கிவிட்டிருப்பார். நானேகூட டிரைவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவசரம் எதுவும் இல்லை, சோம்பலும் இல்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஊர்ப் பலகை தெரிகிற மாதிரி சாய்வாக நின்று இரண்டு படம் எடுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் ஒருவர் வந்தார். அரிசி மில்லில் மேஸ்திரி, ஊரில் பார்த்த முகம்தான். சட்டையில் தவிடு ஒட்டியிருந்தது.

"நேத்து கார்த்தால பஸ்ஸ படம் புடிச்சீங்களாமே? டீக்கடையில சொன்னாங்க."

"ஆமா."

"பாக்கணும்."

அவருடைய மகள் முந்தின நாள் காலையில் டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போனவள் திரும்பவில்லை. அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த பழைய கல்யாணப் படங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பிரிண்ட் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்து மேஜைமேல் வைத்தேன். சின்னதாகத் தெரிகிறது என்றார். நான் டச்சிங் செய்ய வைத்திருந்த பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். அதைக் கொடுத்ததும் நான்தான். அவர் கேட்கவில்லை.

மூன்றாவது ஜன்னலில் அந்தப் பெண் இருந்தாள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு இளைஞன் அவள் பக்கம் திரும்பி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மேஸ்திரி வெகுநேரம் பார்த்தார். பிறகு முன்னால் இருந்த ஊர்ப் பலகையைப் பார்த்தார்.

"கும்முடிப்பூண்டி" என்றார். "அங்க புதுசா கம்பெனி கட்றாங்களே, அதுல வேல கெடச்சிருக்குன்னு சொல்லிக்கினு இருந்தான். லேத்துப் பட்டறை பையன். எங்க ஜனம் இல்ல."

படத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் அதை எடுத்து மற்றப் படங்களோடு அடுக்கினேன். அன்று ராத்திரி வழக்கம்போலத் தூங்கினேன். இதைச் சொல்ல எனக்கு இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் தூங்கினேன் என்பதுதான் நிஜம்.

நான்காம் நாள் முதலாளியின் வேறொரு வண்டியை எடுக்கப் பஸ் நிலையத்துக்குப் போனேன். டிரைவரிடம் கேட்டேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த வண்டியிலும் அதே மாதிரி. டைம் கீப்பர் என்னைப் பார்த்ததும் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். கடைசியில் கும்மிடிப்பூண்டி வண்டி வந்தது. கண்டக்டர் இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"அந்தப் பொண்ண நேத்து இட்டுனு வந்துட்டாங்க. எம் வண்டியிலதான். அப்பன் ஒரு பக்கம், மாமன் ஒரு பக்கம். நடுவுல அது. வழியெல்லாம் ஒரு வார்த்த பேசல, தண்ணி கூட குடிக்கல."

வெற்றிலையை ஓரமாகத் துப்பிவிட்டுத் தொடர்ந்தார்.

"அந்தப் பையன அடிச்சி முன்பல்ல ஒடச்சிட்டானுங்க. கம்பெனிக்காரன் வம்பு வேணாம்னு கணக்கு முடிச்சி அனுப்பிட்டான். எப்டிக் கண்டுபுடிச்சாங்கன்னு கேட்டேன். ஃபோட்டோல பாத்தோம்னாங்க."

"படுதா இறக்க மறந்துட்டேன்" என்றேன்.

"படுதா கெடக்குது சார். அந்த ஆளு வந்து கேட்டப்ப படம் வீணாப் பூட்ச்சின்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாது? வண்டியில ஏறினவங்கள எறக்கி வுடற வரைக்கும் எங்க பொறுப்பு. காட்டிக் குடுக்க நீ யாரு?"

அதுவரை என்னை 'சார்' என்றே பேசியவர் 'நீ' என்றார். அது காதில் விழுந்தது. சுற்றி நின்றவர்கள் பார்த்தார்கள். வெட்கப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. வெட்கம் வரவில்லை. காமிராவை மூடிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து மேஸ்திரி மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கே வந்தார். அரக்கோணம் பக்கத்தில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்கள், அனுப்பப் படம் வேண்டும் என்றார். என்மேல் அவருக்கு நன்றி இருந்தது. அதனால்தான் பெரிய ஸ்டுடியோவுக்குப் போகாமல் என்னிடம் வந்ததாகச் சொன்னார். "நல்லா எடுங்க" என்று சொல்லிவிட்டுப் பீடி பிடிக்க வெளியே போய் வாசலில் நின்றுகொண்டார்.

அவளை ஸ்டூலில் உட்காரவைத்து விளக்கைப் போட்டேன். இருபது வயதுகூட இருக்காது. தோளில் பவுடர் கொட்டியிருந்தது. முகத்தை இந்தப் பக்கம் திருப்பு என்றால் திருப்பினாள், மோவாயைத் தூக்கு என்றால் தூக்கினாள். அவள் கண்ணை லென்ஸ் வழியாகப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் நான் தினமும் பார்க்கிற கண்தான் அது.

படம் எடுத்து முடித்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"பஸ்ஸுல எடுத்தது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"அது இருக்குதா?"

எடுத்துக் கொடுத்தேன். இந்தத் தடவையும் பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். அவள் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"பல்லு தெரியறாப்பல சிரிக்கறாரு" என்றாள். கண்ணாடியை எடுக்காமலே, "நாங்க சேந்து எடுத்துக்கினது இது ஒண்ணுதான்."

"நீயே வச்சுக்கம்மா."

"ஊட்டுல வச்சா பாத்துடுவாங்க. அவராண்ட குடுத்துடுங்க. எங்க கீறாருன்னு கண்டக்டருக்குத் தெரியும்."

நான் செய்தது தப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மேஸ்திரி உள்ளே வந்துவிட்டார். அவள் பூதக்கண்ணாடியை மேஜைமேல் சத்தம் வராமல் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். படம் ரொம்ப நன்றாக வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடித்துவிட்டது.

மறுநாள் அந்த ஜன்னலை மட்டும் பெரிதாக்கித் தபால் கார்டு அளவில் ஒரு பிரிண்ட் போட்டேன். முழு பஸ்ஸின் பிரிண்டைக் கிழித்தேன். நெகட்டிவில் அந்த இரண்டு கட்டங்களையும் வெட்டி எரித்தேன். முதலாளியிடம் அந்த வண்டியின் ஃபிலிம் வெளிச்சம் பட்டு வீணாகிவிட்டது என்றேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது அந்தப் பொய்.

கண்டக்டரிடம் கவரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"சூலூர்ப்பேட்டையில, ரயில்வே கேட்டுக்கு இந்தாண்ட லேத்துப் பட்டறை. நீயே போய்க் குடு" என்றார்.

ஆந்திர எல்லையைத் தாண்டினால் சூலூர்ப்பேட்டை. இரண்டு பஸ் மாறிப் போனேன். பட்டறை முதலாளி தெலுங்கில் ஏதோ கேட்டார். நான் கவரைக் காட்டியதும் உள்ளே கை காட்டினார். அந்த இளைஞன் லேத்தை நிறுத்திவிட்டு வந்தான். நான் யார் என்று நானே சொன்னேன். பஸ்ஸைப் படம் எடுத்தவன், அதைக் காட்டியவன் என்று இரண்டையும் சொன்னேன். அடிப்பான் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தாலும் சரிதான்.

அவன் பழைய நூல் கழிவில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு படத்தை ஓரமாகப் பிடித்து வாங்கினான். பார்த்தான். சட்டைப் பையில் வைக்கப் போனான். பையில் எண்ணெய்க் கறை இருந்தது. என்னிடமிருந்து கவரையும் கேட்டு வாங்கி, அதற்குள் போட்டு வைத்துக்கொண்டான்.

"எப்டி இருக்குது அது?"

"நல்லா இருக்கு."

"கண்ணாலம் ஆயிடுச்சா?"

"வர்ற மாசம்."

சரி என்பதுபோலத் தலையசைத்தான். பேசும்போது உடைந்த பல்லை உதட்டால் மூடிக்கொண்டே பேசினான். "டீ குடிச்சிட்டுப் போங்க" என்றான். வேண்டாம் என்றேன். அவன் திரும்பிப் போய் லேத்தை ஓட்ட ஆரம்பித்தான்.

அவர்கள் பிற்பாடு எப்படியோ சேர்ந்துவிட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சொன்ன மாதத்தில் அவள் கல்யாணம் முடிந்தது. மேஸ்திரி என்னைத்தான் படம் எடுக்கக் கூப்பிட்டார், நான் போகவில்லை. அந்த இளைஞனைப் பற்றி அப்புறம் எதுவும் காதில் விழவில்லை. பஸ்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கண்டக்டரும் அரசாங்கக் காக்கிக்கு மாறி வேறு டிப்போவுக்குப் போனார். கடைசிவரை அவர் என்னோடு பழையபடி பேசவில்லை.

கவரைக் கொடுத்த அன்று சூலூர்ப்பேட்டையிலிருந்து திரும்பின பஸ்ஸில் கூட்டம். பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர் ஒருவர், மடியில் தூங்குகிற குழந்தையோடு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆரம்பாக்கம் தாண்டியதும் பேச்சுக் கொடுத்தார்.

"எந்த ஊரு உங்களுக்கு?"

"திருவள்ளூர்."

"புள்ளைங்க எத்தினி?"

இந்தக் கேள்விக்கு அதுவரை நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை. எழுந்து போய்விடுவேன், இல்லையென்றால் காதில் விழாததுபோல இருப்பேன். அன்று எழுந்து போக இடம் இல்லை.

"பொறந்த அன்னிக்கே போயிடுச்சுங்க. அதோட அம்மாவும் போயிட்டா" என்றேன்.

வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "இப்டி வந்து குந்துங்க, காத்து வரும்" என்று ஜன்னலோரத்தை எனக்கு விட்டார். நான் நகர்ந்து உட்கார்ந்தேன். கும்மிடிப்பூண்டி வருகிறவரை என் முகம் ஏன் ஈரமாக இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.