இரண்டாவது கொக்கு

பாவ்ஷனுக்குக் கண்ணாடி செதுக்கத் தெரியும். வாயை அடக்கத் தெரியாது. பெய்ஜிங் தெற்கு வாசலுக்கு வெளியே, காலால் மிதித்துச் சுழற்றும் சக்கரத்தின் முன் உட்கார்ந்து, மூக்குப்பொடிக் குப்பிகளில் வௌவாலும் மீனும் செதுக்கியே நாற்பதைத் தொட்டுவிட்டான். கல்யாணம்தான் ஆகவில்லை. பெண் கேட்கப் போன வீட்டில் பெரியவரின் வழுக்கையைப் பார்த்து, "நல்லா மெருகு ஏத்தியிருக்கீங்க" என்றால் யார் பெண் கொடுப்பார்கள்?

டோஃபுக் கடை தௌ ஒருவர்தான் இறங்கி வந்தார்.

"என் பையன் அரசாங்க உத்தியோகப் பரீட்சைக்குப் போறான். அவனுக்கு ராசியா ஒரு குப்பி பண்ணிக் குடு. அப்புறம் சூயுன் பேச்சை எடுக்கலாம்."

சூயுன் அவர் மகள். கதவிடுக்கில் ஒரு சிரிப்பு கேட்டது.

பரீட்சை என்றால் ஒரு கொக்கும் தாமரையும்தான். அவர்கள் பேச்சில் கொக்கும் 'லூ', பாதையும் 'லூ'. தாமரையும் 'லியென்', அடுத்தடுத்து என்பதும் 'லியென்'. தாமரைக் குளத்தில் ஒரு கொக்கு நின்றால், பாதை நெடுக அடுத்தடுத்துத் தேர்ச்சி.

வெள்ளைக் கண்ணாடிமேல் சிவப்புப் போர்த்திய குப்பி. சிவப்பில் உருவத்தை மட்டும் விட்டு, மற்றதை வெள்ளை தெரிய அரைத்தெடுக்க வேண்டும். ஒற்றைக் கொக்கைப் பார்க்க பாவ்ஷனுக்குப் பாவமாக இருந்தது. கதவிடுக்குச் சிரிப்பு வேறு காதைவிட்டுப் போகவில்லை. பக்கத்தில், அதன் இறக்கையில் தலைசாய்த்து இன்னொரு கொக்கும் நின்றுவிட்டது.

தௌ குப்பியைப் பார்த்துக் குதித்தார். "ரெண்டு லூவா! என் பையன் ஒரு தடவ கோட்டைவிட்டு, மறுபடி அதே பாதையில நடக்கணுமா?"

"தொணைக்கு ஒண்ணு இருக்கட்டுமேன்னு..."

"யாருக்குடா தொணை? பரீட்சைக்குள்ள ஒத்தக் கொக்கு வரல, சூயுனை மறந்துடு!"

கண்ணாடியில் வெட்டலாம், ஒட்ட முடியாது. கொக்கை முழுக்க அரைத்தெடுத்தால் குளத்துக்கே வழுக்கை விழும். பாவ்ஷன் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கால் ஒரு தண்டு. விரிந்த இறக்கை ஓர் இலை. சக்கரத்தை மிதித்தான். அலகு போயிற்று, வால் போயிற்று. காற்றில் சாய்ந்த தாமரை இலை ஒன்று எழுந்தது.

"அட! கொக்கு ஒண்ணு, தாமரை கூடுதல்! லியென்னுக்கு மேல லியென்!" என்றார் தௌ. "இலையில என்ன ஓட்டை?"

"புழு தின்னது, மாமா."

"யாருடா மாமா?" என்று ஒரு சிட்டிகை பொடியை இழுத்தார். தெரு அதிரத் தும்மினார். "சரி, மாமான்னே கூப்பிட்டுத் தொலை."

பையன் தேறினான். தேர்ச்சிக்குக் கொட்டிய மேளமே கல்யாணத்துக்கும் கொட்டியது. அன்று தம்பியிடம் குப்பியை வாங்கி, சூயுன் வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"புழுவாம் புழு. இது கண்ணு. அந்த ரெண்டாவது கொக்கு இன்னும் இங்கதான் நிக்குது, இல்ல?"

பாவ்ஷனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பதில் வரவில்லை. இளித்துக்கொண்டு நின்றான், காது வரைக்கும்.