பதம் இல்லாத வாள்

ரெட்டியார்பாளையத்தில், தேவதூதரான மிக்கேல் சம்மனசு கோயிலில் மரி-க்ளேர் கை படாமல் எதுவும் பீடத்துக்குப் போகாது. மெழுகுத்திரித் தண்டா, பூச்சாடியா, தூபக்காலா, எதுவானாலும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கித்தான் வைப்பாள். ஆண்டவர் முன்னால் அழுக்கு நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவள் படித்த ஞானம். அம்மா போன பிறகு தம்பி கிளமானைத் தூக்கி வளர்த்ததும் அவள்தான். அவன் இப்போது நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறான், மீசை நரைத்துவிட்டது. இருந்தாலும் அவன் சாப்பிட்டானா என்று தெரியாமல் இவளுக்குச் சோறு இறங்காது.

மிக்கேல் திருநாளுக்கு வருசா வருசம் கோயில் வளாகத்தில் மிக்கேல் பசாசை வீழ்த்தும் நாடகம் உண்டு. பசாசு வேசம் கிளமானுக்கு. கடைசிக் காட்சியில் சட்டையைக் கிழித்து நெஞ்சைக் காட்டி, "குத்துடா பாப்போம்!" என்று உறுமுவான். சம்மனசு குத்தும், பசாசு சாயும், வெளியே வெடி போடுவார்கள். போன வருசம் தகரக் கத்தி அவன் நெஞ்சில் பட்டு முருங்கைக்காய் மாதிரி வளைந்துபோய், வெடிக்கு முன்னால் சிரிப்பு வெடித்துவிட்டது.

அதனால் இந்தத் தடவை சம்மனசு வேசம் கட்டும் ஜூல் தன் வீட்டு வாளைக் கொண்டுவந்தார். பிரான்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷனோடு திரும்பியவர், அங்கே வாள்சண்டை பழகியவர். வாள் அவர் தாத்தா காலத்தது, 'எப்பே' என்று பேர். அதைப் பார்த்ததும் நாடகம் எழுதிய ஜோர்தானுக்கு முகம் சுருங்கியது.

"என்ன முசியே, குடைக்கம்பி மாதிரி இருக்கு? சம்மனசு வாளுன்னா நெருப்பு கக்கணும். பாறைய ரெண்டாப் பொளக்கணும். கதையில வர்ற மாய வாளுக்கு நல்லவன் யாரு, கெட்டவன் யாருன்னு அதுக்கே தெரியும். நல்லவன் மேல பட்டா பூவாயிடும்."

"அந்த வாளத் தூக்கவே நாலு ஆள் வேணும்யா," என்று ஜூல் சிரித்தார். "கதைக்குக் கை வலிக்காது, தூக்கிடும். இது கரண்டி கனம்தான். நெருப்பும் கிடையாது, புத்தியும் கிடையாது. புடிச்சிருக்கிறவன் புத்திதான் இதுக்குப் புத்தி. வெட்டவும் வெட்டாது. ஒரு வெள்ளரிக்காய வச்சுப் பாரு."

"அப்ப நான் வெள்ளரிக்காய விடக் கெட்டியா இருந்தாப் போதும்," என்றான் கிளமான்.

காப்பி கொண்டுவந்த மரி-க்ளேரும் சேர்ந்து சிரித்தாள். வெட்டாது என்ற ஒரு சொல்தான் அவள் காதில் தங்கியது. வாளின் முனையில் ஜூல் ஒரு தக்கையைச் செருகி, மேலே கறுப்பு டேப் சுற்றியிருந்தார். எதற்கென்று அவர் சொல்லவில்லை. பழகியவருக்கு அது சொல்ல வேண்டிய விசயமாகவே படவில்லை.

திருநாளன்று நாடகச் சாமான்களையெல்லாம் பீடத்தடியில் வைத்து, சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அதற்காக வாள் மரி-க்ளேரிடம் வந்தது. அருவாமனை, கொடுவாள், மீன்கத்தி என்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பதமான வாயால் கடிக்கிற சாதி. இந்த வாளை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தாள். மூன்று பட்டையாக, ஸ்கேல் மாதிரி மழுங்கல். எங்கேயும் பதமே இல்லை. முனையில் அந்தக் கறுப்பு டேப் மட்டும் புண்ணுக்குக் கட்டின துணி போல அசிங்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது. இதையா ஆண்டவர் முன்னால் வைப்பது? பிய்த்தாள். தக்கையும் கூடவே வந்தது, குப்பையில் போட்டாள். முனை கொஞ்சம் மெலிசாகத்தான் இருந்தது. மந்திரிக்கப் போகிற வாள்தானே, அதில் என்ன கெடுதல் வரும்? ஜோர்தான் மனசும் குளிரட்டும் என்று, நெருப்பு மாதிரி மின்ன, முனை வரைக்கும் தங்க ஜிகினாத் தாளைச் சுற்றிவைத்தாள்.

சாயங்காலம் நாடகம் தொடங்கியது. பசாசு வரும்போது புகை வேண்டுமென்று மரி-க்ளேர் மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் சாம்பிராணியை விசிறிக்கொண்டிருந்தாள். இறக்கையும் நீளப் பொய்முடியுமாக ஜூல் மேடையேறினார். ஏறுகிற வேகத்தில், அங்கே கட்டியிருந்த வாழைமரத்தை விளையாட்டாக ஒரு குத்துக் குத்திவிட்டுப் போனார்.

சத்தமே இல்லை. வாள் ஒரு சாண் உள்ளே போய் வெளியே வந்தது. முனையில் ஜிகினா சுருண்டு மேலேறி, இரும்பு ஈரமாக மின்னியது. முடி கண்ணை மறைக்க, கூட்டத்தைப் பார்த்து நடந்த ஜூல் அதைக் கவனிக்கவில்லை. பார்த்தவள் இவள் ஒருத்திதான்.

விசிறி கையிலிருந்து நழுவியது. கோணி ஊசி! அதுக்கு எங்கே பதம் இருக்கு? மூட்டையைத் துளைக்கலையா?

"ஜூல் தம்பி! ஜூல் தம்பி!" கத்தினாள். மேளமும் மைக்கும் அவள் குரலை விழுங்கின. மேடையில் வாள் சுழன்றது. "சம்மனசே, உன் வாளுதானே, நீயே தடுத்துக்கோ," என்று கண்ணை மூடினாள். மூடிய கண்ணுக்குள் ஜூல் சொன்னதுதான் வந்தது. புத்தி கிடையாது. எதிரே நிற்பவன் வேசம் கட்டின கிளமான் என்று அந்த இரும்புக்கு யார் சொல்வது?

சட்டை கிழியும் சத்தம் மைக்கில் கேட்டது.

"குத்துடா பாப்போம்!"

சளி கட்டினபோதெல்லாம் அவள் தைலம் தேய்த்துவிட்ட நெஞ்சு, விளக்கு வெளிச்சத்தில் வெறுமையாக நின்றது. ஜூல் முழங்காலை மடக்கிப் பாய்ந்தார். மரி-க்ளேரும் பாய்ந்தாள். எப்படிப் போனாள் என்று கேட்டால் இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு கையாலும் வாளை நடுவில் பிடித்துவிட்டாள். ஜிகினா வழுக்கியது, வாள் கைக்குள் உருவிக்கொண்டு போனது. பழகிய கை, ஜூல் சட்டென்று மணிக்கட்டைத் தளர்த்தினார். கிளமான் நெஞ்சுக்கும் முனைக்கும் நடுவில் ஒரு கட்டைவிரல்தான் போகும்.

மேளம் நின்றது.

"டேய், பசாசுக்கு அக்கா வந்துட்டாங்கடா!" கூட்டத்தில் எவனோ கத்தினான். விசில் பறந்தது.

கிளமான் பல்லைக் கடித்தான். "யக்கா! என் சாவையே கெடுத்திட்டியே!"

"முனையப் பாருடா." அவளுக்கு மூச்சு வாங்கியது. "தக்கைய நான்தான் எடுத்துட்டேன். அழுக்குன்னு நெனச்சேன்."

கிளமான் குனிந்து பார்த்தான். ஜூலும் பார்த்தார். "மோன் தியே, ஆண்டவரே," என்று பிடியை விட்டார். வாள் மரி-க்ளேர் கையிலேயே தங்கிவிட்டது.

என்ன நடந்ததென்று புரியாமல், மைக்கில் கதை சொல்லிவந்த ஜோர்தான் முழங்கினார்: "இதோ... வீழ்ந்தான் பசாசு!"

ஜூல் வெறும் கையை உயர்த்தி, விரலைத்தான் நீட்டினார். கிளமான் ஓவென்று அலறிக் கீழே சாய்ந்தான். எந்த வருசமும் அவன் இத்தனை நன்றாகச் செத்ததில்லை. வெடி போட்டார்கள், கைதட்டல் ஓயவில்லை. திரை விழுந்தது.

"எழுந்திருடா, முடிஞ்சுபோச்சு," என்றாள் மரி-க்ளேர்.

"இருக்கா," என்றான் அவன், கண்ணைத் திறக்காமல். "காலு வரல."

அவள் வாளைத் தூரமாகத் தள்ளிவைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கிழிந்த சட்டையை இழுத்து அவன் நெஞ்சை மூடினாள்.