ராசாத்தி பேரில் மூணு லிட்டர் இருநூறு

நம்பாதவங்க பக்கத்தைப் புரட்டிட்டுப் போகலாம். குன்றாண்டார்கோவில் பக்கம் ஆத்மநாதனுக்கு நடந்தது இது. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லலை.

பொண்டாட்டி ராசாத்தி தை மாசம் செத்துப்போனாள். பால் டிப்போவில் கார்டு அவள் பேரில். செத்தவங்க பேரில் பால் வாங்க மாட்டோம்னு கம்பெனிக்காரன் சொல்லிட்டான். வீட்டில் இருந்தது ஒரே செவலை மாடு. அதை வச்சுத்தான் அவருக்குக் கஞ்சி. இறப்புச் சான்றிதழைத் தூக்கிக்கிட்டு நாயா அலைஞ்சார். கார்டு அவர் பேருக்கு மாறின மறுநாளே டிப்போ கம்ப்யூட்டரில் இருந்த மொத்தமும் அழிஞ்சுபோச்சு.

"கிளவுட்ல பத்திரமா இருக்குன்னீங்களே?"

டிப்போவில் பால் அளக்குற கார்த்திகா தலையைக் குனிஞ்சுக்கிட்டாள். "டேட்டாபேஸை யாரோ தெரியாம அழிச்சுட்டாங்க தாத்தா. தினமும் தானாவே எடுத்து வச்ச பேக்கப் காப்பியும் அதோட சேர்ந்து போயிருச்சு."

"வீட்டுச் சாவிய வீட்டுக்குள்ளயே வச்சுப் பூட்டுனீங்களாக்கும்."

"கம்ப்யூட்டர் பாக்குற கவியரசன் மார்கழியில தனியா ஒரு காப்பி எடுத்து ஹார்ட் டிஸ்க்ல வச்சிருக்காரு. அதை இன்னைக்கு ஏத்துறோம். ஆனா..." இழுத்தாள். "அதுல ராசாத்தியம்மா உசுரோட இருப்பாங்க. நீங்க மறுபடி சான்றிதழ் கொண்டாரணும்."

"நீங்க அழிச்சதுக்கு அவ இன்னொருக்கா சாகணுமா?"

மறுநாள் காலை அஞ்சு பத்து. ராசாத்தியோட போன் 'டிங்'னு சத்தம் போட்டுச்சு. பால் அளந்ததும் டிப்போவில் இருந்து வர்ற மெசேஜ். எழுத்துக்கூட்டிப் படிச்சார்.

ராசாத்தி. காலைப் பால். மூணு லிட்டர் இருநூறு.

பழைய காப்பிய ஏத்திட்டானுங்க, பழைய மெசேஜ் வருது. திட்டிக்கிட்டே சொம்போட கொட்டகைக்குப் போனார்.

செவலை ராசாத்தியைத் தவிர யாரையும் கிட்ட விடாது. காலைக் கட்டினால்தான் அவரால் கறக்க முடியும். அன்னைக்கு அசையாம நின்னுச்சு. மடி வத்திக் கிடந்துச்சு... காம்பெல்லாம் ஈரம்.

கன்னு கட்டின இடத்திலேயே பசியில் கத்திக்கிட்டிருந்துச்சு.

ரெண்டாம் நாள். டிங். அதே மூணு லிட்டர் இருநூறு.

மடியில் பால் இல்லை.

மூணாம் நாள் விடியுமுன்னே கொட்டகையில் போய் உட்கார்ந்தார். யாரும் வரலை. செவலை மட்டும் தலையைத் திருப்பி... யாரையோ நக்கிச்சு.

சர்... சர்...

பால் பீச்சுற சத்தம்.

டிங்.

சான்றிதழை எடுத்துக்கிட்டு டிப்போவுக்கு ஓடினார். கவியரசன் அங்கேதான் இருந்தான்.

"செத்தவ பேருல மெசேஜ் அனுப்பி விளையாடுறியாடா?"

"காப்பியே ஏறலை தாத்தா. டிஸ்க்கு கெட்டுக் கிடக்கு. மூணு நாளா டேட்டாபேஸ்ல ஒரு பேருகூட இல்லை. மெசேஜ் எங்கிட்டு இருந்து போகும்?"

"எடுத்து வச்ச காப்பிய ஒருநாளாவது திறந்து பாத்தியா?"

அவன் டிஸ்க்கை எடுத்து மேசைக்குள்ள போட்டான்.

கார்த்திகாதான் மெல்லச் சொன்னாள். "இப்பக் கையில எழுதித்தான் பால் வாங்குறோம் தாத்தா. மூணு நாளா காலையில கேன்ல பால் கூடுதலா நிக்குது... மூணு லிட்டர் இருநூறு. யாரு ஊத்துறாங்கன்னே தெரியலை."

கையில் இருந்த சான்றிதழை ஆத்மநாதன் மடிச்சு இடுப்பில் சொருகிக்கிட்டார்.

"பேரை மாத்த வேணாம்மா. அவ பேர்லயே இருக்கட்டும்."