ரயிலுக்கு இடம் போட்ட குடங்கள்

கருத்துக் கேட்கப் போகிறவளுக்குக் கருத்தைத் தவிர மற்ற எல்லாம் கிடைக்கும். மோர் கிடைக்கும், நாய் துரத்தும், வரன் பார்க்கச் சொல்லி ஜாதக நகல்கூடக் கைக்கு வரும். வீடு வீடாகக் கதவு தட்டிய யாருக்கும் இதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் வேலை இதுதான். ஓடி முடித்த ரயில்களை நிறுத்தி வைத்துக் கழுவுகிற பழைய யார்டை இடம் மாற்றப் போகிறார்கள். அடையாற்றங்கரையில் ஒரு குடியிருப்பைக் காலி செய்துவிட்டு அங்கே கொண்டுபோவதாகத் திட்டம். ஆட்சேபம் உண்டா, வேறு இடம் தோன்றுகிறதா என்று சுற்றுவட்டாரம் முழுக்கக் கேட்டு வர வேண்டும். ஒப்பந்த வேலை. வெயில் மட்டும் நிரந்தரம்.

யாரும் இல்லாத கரை

மயிலாப்பூரில் ஒரு அடுக்குமாடி. குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஓய்வு பெற்ற மாமா, நல்ல மனுஷர், உட்கார்ந்ததும் காபி வந்துவிட்டது. உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மைதானமும் ஒரு காலத்தில் யோசனையில் இருந்ததாம் என்று வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. உள்ளறையைக் காட்டி, "எங்காத்து மாமிக்கு ஹார்ன் சத்தம் கேட்டாலே படபடன்னு வந்துடும். ராத்திரியெல்லாம் முழிச்சுண்டே இருப்பா" என்றார். பொய்யில்லை. மாமி அந்தப் பகலிலும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் படுத்திருந்தார். பாவமாக இருந்தது.

"அந்தக் கரையோரம்தான் காலியாக் கெடக்கே, அங்கேயே போட்டுக்கட்டுமே" என்றார் மாமா. கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த தேசம்மா நிமிர்ந்து பார்த்தார். வருஷக்கணக்காக அந்த வீட்டில் வேலை செய்கிறவர். "அங்கேர்ந்துதான் சாமி நான் தெனம் வரேன்" என்றார். மாமா காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்:

"உன் வீட்டைச் சொல்லலைம்மா, அதுக்கு அந்தண்ட."

பாய் சொன்ன யோசனை

அந்தண்டையும் போனேன். ஆற்றுக்கு மறுகரையில் மெத்தை தைக்கிற பாயின் கடை. காது மடலில் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்க, வரைபடத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அடுத்த தெருவுக்கு நேரமாகிறது, அவருக்கோ அவசரமே இல்லை. அவர் கடையில் தைக்கிறவர்கள் எல்லாம் அந்தக் குடியிருப்புக்காரர்கள், நடந்தே வந்து நடந்தே போகிறவர்கள். ஊருக்கு வெளியே தூக்கிப் போட்டால் ரெண்டு பஸ் மாறி யார் வருவார்கள் என்று கவலைப்பட்டார். சரி பாய், மாற்று இடம் ஏதாவது சொல்லுங்களேன் என்றேன்.

"மேல ரயிலு போக அம்மாம் பெரிய பாலம் கட்டி வச்சிருக்கீங்களேம்மா, ராத்திரிக்கு அது மேலயே ரயிலு தூங்கட்டுமே."

குடம் வைத்தால் ஆள் வைத்த மாதிரி

குடியிருப்புக்குப் போனபோது தண்ணீர் லாரிக்கு வரிசை. வரிசையில் ஆளே இல்லை, குடங்கள்தான் நின்றன. அங்கே அதுதான் சட்டம். குடத்தை வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம், யாரும் நகர்த்த மாட்டார்கள். நான் தெரியாமல் ஒரு பச்சைக் குடத்தைத் தள்ளிவிட்டு நிழலில் ஒதுங்க, நாலு பக்கமிருந்தும் வசவு விழுந்தது. தேசம்மாதான் வந்து காப்பாற்றினார்.

மற்ற இடங்களில் எல்லோரும் அடுத்த தெருவைக் கைகாட்டினார்கள். இவர்கள் மட்டும் தூரத்தில், தண்டவாளத்தை ஒட்டிக் கிடக்கிற ஒரு முள்ளுக்காட்டைச் சொன்னார்கள். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். தேசம்மா பேச்சை மாற்றினார். அவர்கள் சொன்ன இடத்தை எழுதிக் கொடுத்தேன். திட்டத்தைப் பார்க்கிற இன்ஜினீயர் வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு, அங்கே வீடுகள் இருக்கின்றன, முடியாது என்று சொல்லிவிட்டார். நேரில் வந்து பாருங்கள் சார் என்று நச்சரித்து நச்சரித்து அவரைச் சம்மதிக்க வைத்தேன். அவர் வருகிறார் என்றதும் தேசம்மா கேட்டது ஒரே கேள்வி.

"அவரு வர்ற வரிக்கும் வேற யாரும் அந்த எடத்தப் புடிச்சிக்க மாட்டாங்களேம்மா?"

வீட்டுக்காரர்கள் சம்மதம்

இன்ஜினீயரோடு போய் இறங்கினால், முள் வெட்டிய பொட்டலில் தண்டவாளத்தை ஒட்டி வரிசையாகக் குடங்கள். பெண்கள் ஓரமாக நிற்கிறார்கள். லாரி வருகிற நாளில் ஒரு குடியிருப்பின் குடமெல்லாம் இங்கே இருந்தால் அங்கே தண்ணீர் யார் பிடிப்பது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. "இன்னா சார் பாக்குறீங்க? ரயிலுக்கு எடம் போட்டு வச்சிருக்கோம்" என்றார் தேசம்மா. இன்ஜினீயர் சிரித்துவிட்டார், ஆனால் ஒரு குடத்தையும் தாண்டாமல் சுற்றிக்கொண்டுதான் நடந்தார்.

ஒரு வீட்டையும் காணோம். அவர் தன்னிடமிருந்த பழைய வரைபடத்தை விரித்தார். அதில் அந்தப் பொட்டல் முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டங்கள், அத்தனையும் வீடு. ஆற்றங்கரைக் குடியிருப்பு இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை. "இங்க வீடுங்க இருக்கறதாத்தான் கணக்கு. அந்த வீட்டுக்காரங்க சம்மதிக்கணுமேம்மா" என்றார், மெதுவாகத்தான். தேசம்மா காலடியில் இருந்த பச்சைக் குடத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். ஏதோ பெரிய கட்டடம் வருதென்று இந்தக் குடியிருப்புக்காரர்களைத்தான் முன்பு ஒருநாள் இங்கிருந்து கிளப்பினார்களாம். கட்டடம் வரவில்லை. அவர்கள்தான் ஆற்றங்கரைக்குப் போனார்கள். இன்ஜினீயர் பேனாவை மூடினார், மறுபடி திறந்தார், வெள்ளையாக இருந்த இடத்தில் 'வீடுகள் உள்ளன' என்று எழுதினார். இடம் மாறுமா என்று இன்னும் பதில் வரவில்லை. ஆனால் அன்று தேசம்மா அவரிடம் சொன்ன பதிலை அப்படியே என் அறிக்கையில் சேர்த்திருக்கிறேன்.

"சம்மதம்தான் சார். அந்த வூடுங்கல்லாம் எங்க வூடுங்கதான். இத ரயிலுக்கு வச்சிக்கோங்க, அத எங்களுக்கு வுட்டுடுங்க."

மாற்று இடம் கேட்டால் அடுத்தவர் வாசலைக் காட்டுகிற இந்தத் தொழிலில், முன்னமே பிடுங்கப்பட்ட தங்கள் வாசலையே காட்டி, அதற்கும் வரிசையில் நின்று இடம் போட்டு வைத்தவர்களை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.